கார்மின் ஜிபிஎஸ்மேப் 723எக்ஸ்எஸ்வி: விசைப்படகுக்கு எடுபடுமா?

7 அங்குல ஜிபிஎஸ் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, எக்கோ (ஒலியால் ஆழம் பார்க்கும் கருவி) எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்) வரை அடிக்கும் என்றுதான். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. பேட்டரி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? ஜிபிஎஸ் பெட்டிக்குள் எந்தக் கடலின் சார்ட் (கடல் வரைபடம்) இருக்கிறது?

முதல் கேள்வியில் 723 சுலபமாகத் தேறிவிடுகிறது. 10 முதல் 32 வோல்ட் வரை தாங்கும், அதனால் 24 வோல்ட் படகிலும் நேராக இணைக்கலாம். இதே நிறுவனத்தின் எக்கோமேப் யுஎச்டி2 7எஸ்வி விலை குறைவு என்று பலர் அதன் பக்கம் சாய்கிறார்கள். அது 9 முதல் 18 வோல்ட் வரைதான். 24 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் பெட்டி போச்சு, நடுவில் கன்வெர்ட்டர் வேண்டும். எதை வாங்கினாலும் செல்ஃப் அடிக்கும் பேட்டரியிலிருந்து லைன் எடுக்காதீர்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்டேஜ் இறங்கி, திரை அணைந்து மறுபடி எழும்.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகள் பலவற்றில் அமெரிக்கக் கரையோர சார்ட்தான் ஏற்றப்பட்டிருக்கும். பெட்டியோடு வரும் அடிப்படை வரைபடமான பேஸ்மேப்பில் நம் கரை வெறும் கோடாகத் தெரியும். ஆழ எண்ணோ பாரோ (கடலடிப் பாறைத் திட்டு) எதுவும் இருக்காது. கடையிலேயே பெட்டியை ஆன் செய்து, ராமேஸ்வரத்துக்கு நகர்த்தி, பெரிதாக்கிப் பாருங்கள். பாம்பன் கால்வாய்க்கு இரு பக்கமும் ஆழ எண்கள் வராவிட்டால், இந்தியத் துணைக்கண்டத்துக்கான கார்மின் நேவியானிக்ஸ்+ கார்டின் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். லோரன்ஸ், சிம்ராட் போன்ற வேறு கம்பெனிப் பெட்டிகளுக்கான சி-மேப் சார்ட் கார்டு இதில் வேலை செய்யாது. 2017இல் நேவியானிக்ஸைக் கார்மின் வாங்கிவிட்டாலும், பழைய நேவியானிக்ஸ் கார்டைக் கார்மின் பெட்டி படிக்காது. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு காப்பி எடுத்தாலும் திறக்காது.

கார்டோடு ஓர் ஆண்டு சந்தா வருகிறது. அது முடிந்தாலும் பெட்டியில் உள்ள சார்ட் அழியாது, புதுத் திருத்தங்கள் மட்டும் நின்றுவிடும். கிழக்குக் கரைக்காரர்களுக்கு அப்டேட் செய்யத் தோதான நேரம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம். படகு கரையேறிக் கிடக்கும்போது பேட்டரி இறங்கியிருக்கும், முதலில் அதைச் சார்ஜ் செய்யுங்கள். பாதியில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எஃப்ஏடி32 ஃபார்மட் செய்த 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்றைச் செருகி, பெட்டியின் ஆக்டிவ்கேப்டன் மெனுவில் வைஃபைக்குப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். ஃபோனில் கார்மினின் ஆக்டிவ்கேப்டன் ஆப்பைத் திறந்து அந்த வைஃபையில் இணையுங்கள். ஒருமுறை இணைந்த பிறகுதான் பெட்டியில் என்ன சார்ட் இருக்கிறது என்று ஆப்புக்குத் தெரியும். இனி பெட்டியின் வைஃபையிலிருந்து வெளியே வந்து, ஃபோனின் இன்டர்நெட்டில் சார்ட்டை டவுன்லோட் செய்ய வேண்டும். பெட்டியின் வைஃபையில் இன்டர்நெட் கிடையாது. டவுன்லோட் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்ற புகாரில் பெரும்பாலும் இதுதான் காரணம். டவுன்லோட் முடிந்ததும் மறுபடி பெட்டியோடு இணைத்தால் சார்ட் கார்டுக்கு ஏறும். ஃபோனில் இடம் குறைவென்றால் முழுப் பகுதியையும் எடுக்காமல், தொழிலுக்குப் போகும் கடலை மட்டும் கட்டம் போட்டு எடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், பெட்டியில் குறித்து வைத்த இடங்களான பாயிண்டுகளைக் காப்பாற்றுங்கள். யூசர் டேட்டாவில் மேனேஜ் டேட்டா, டேட்டா டிரான்ஸ்ஃபர் என்று போய், வேறொரு கார்டில் ஜிபிஎக்ஸ் வடிவில் சேமியுங்கள். வேறு கம்பெனிப் பெட்டிக்கு மாறினாலும் அந்தக் கோப்பு உதவும். கார்டு மூடியின் ரப்பரில் உப்புப் படிந்தால் நல்ல தண்ணீர் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு மூடுங்கள். கார்டு படிக்கவில்லை என்றால் அதன் காலில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்திய-இலங்கைக் கடல் எல்லைக் கோட்டைச் சார்ட் காட்டுகிறதே என்று சும்மா இருக்க வேண்டாம். இரு நாடுகளின் 1974 ஒப்பந்தப் புள்ளிகளைக் கையால் போட்டு, கோட்டுக்கு இப்பால் ஒரு கடல் மைலில், எல்லையை நெருங்கும்போது அடிக்கும் பவுண்டரி அலாரம் வையுங்கள். போடும் முன் பொசிஷன் ஃபார்மட் டிகிரி, தசம நிமிடத்தில் இருக்கட்டும். மூன்றாவது புள்ளி 09°40.15' வடக்கு, 79°22.60' கிழக்கு. இந்த 22.60ஐ 22 நிமிடம் 60 விநாடி என்று எடுத்தால் 23 நிமிடமாகிவிடும். கோடு கிழக்கே ஏறத்தாழ 730 மீட்டர் நகர்ந்துவிடும், அலாரமும் அந்த அளவுக்குத் தாமதமாக அடிக்கும்.

ஆழத்தின் அலகையும் ஒருமுறை பாருங்கள். 2 என்ற எண் மீட்டரா பாகமா என்பதில் கிட்டத்தட்ட இரு மடங்கு வித்தியாசம். முகத்துவார மணல் திட்டுகளுக்கு எந்த சார்ட்டையும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு மழைக்காலமும் அவற்றை இடம் மாற்றிவிடும், அப்டேட் அந்த வேகத்துக்கு வராது.

723இல் பிடிக்காதது தொடுதிரை. பவர் பட்டனைத் தவிர வேறு பொத்தானே இல்லை. வலை இழுத்த ஈரக் கையோடு, மேலே சாரலும் அடிக்கும்போது, விரல் ஓரிடம், கர்சர் ஓரிடம். மூடிய வீல்ஹவுஸ் உள்ள 24 வோல்ட் படகுக்குத் தயங்காமல் வாங்கலாம். திறந்த நாட்டுப்படகில் 12 வோல்ட் பேட்டரி என்றால், பக்கத்தில் சில பொத்தான்களும் உள்ள எக்கோமேப்பே போதும்.