ஸ்க்ரோல் ரம்பத்துக்குக் கால் ஸ்விட்ச்: சில ஆண்டுப் பழக்கத்தில்

பூஜை அறைக் கதவுக்காகத் தேக்குப் பலகையில் கொடியும் பூவுமாகத் துளைத்தெடுக்கும் வேலையில் ஸ்க்ரோல் ரம்பத்தின் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் மெஷின்) பிளேடு அடிக்கடி சிக்கும். பலகையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்தில் ஸ்விட்சைத் தேடி ஒரு கையை எடுத்தால், பலகை பிளேடோடு சேர்ந்து மேலும் கீழும் குதிக்கத் தொடங்கிவிடும். அதற்காகத்தான் கால் ஸ்விட்ச் வாங்கினேன். சில ஆண்டுகளாக மிதித்து வருகிறேன். இனி அது இல்லாமல் அந்த ரம்பத்தின் முன் உட்கார மனம் வராது.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். மிதித்திருக்கும் வரை ஓடி, காலை எடுத்ததும் நிற்பது ஒன்று. ஒரு மிதிக்கு ஓடி, மறுமிதிக்கு நிற்பது மற்றொன்று. இரண்டாவது காலுக்குச் சுகம்தான். ஆனால் மின்வெட்டின்போது அதை அணைக்க மறந்தால், மின்சாரம் திரும்பியதும் ரம்பம் தானாக ஓடத் தொடங்கும். அதை நான் பட்டறைக்குள் விடமாட்டேன்.

வாங்குமுன் ரம்பத்தின் சொந்த ஸ்விட்சையும் பாருங்கள். மின்சாரம் போனதும் தானாக விழுந்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச் என்றால் இந்த ஏற்பாடு பயன்படாது. கால் ஸ்விட்ச் ரம்பத்துக்கு வரும் மின்சாரத்தையே துண்டிப்பதால், காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பச்சைப் பொத்தானைக் கையால் அழுத்த வேண்டியிருக்கும். சாதாரண ஸ்விட்ச் உள்ள ரம்பத்துக்கே இது பொருந்தும். தையல் மெஷின் மிதியை மாட்டிப் பார்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, இந்த மோட்டாருக்கு ஆகாது.

முதலில் வாங்கியது பிளாஸ்டிக் மிதி. மரத்தூள் உள்ளே புகுந்து, மிதித்தாலும் ஓடாமல் அடம்பிடித்தது. இப்போது இருப்பது மேலே மூடி வைத்த இரும்பு மிதி. கைதவறி விழும் மரத்துண்டு அதை அழுத்திவிடாது. இரும்பு உடல் என்பதால் எர்த் கட்டாயம்; ஸ்விட்ச் பேஸ் ஒயரைத்தான் துண்டிக்க வேண்டும், நியூட்ரலை அல்ல. இதை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள்.

குறை என்றால் கெண்டைக்கால் வலி. மிதியைச் சற்று முன்னால் தள்ளி, குதிகால் தரையில் பதியும்படி வைத்த பிறகு பெரும்பாலும் தீர்ந்தது. நழுவாமல் இருக்க மிதியை அகலமான பிளைவுட் துண்டில் திருகியிருக்கிறேன். ஒவ்வொரு துளையிலும் பிளேடைக் கோக்கும்போது மட்டும் ரம்பத்தின் ஸ்விட்சையும் அணைத்துவிடுவேன். விரல்கள் பிளேடின் மேல் இருக்கும்போது காலை நம்புவதற்கில்லை.

டேபிள் ரம்பத்துக்கும் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். 2000 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் ஓடும்போதே சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைவிடப் பல மடங்கு. சிறிய மிதியின் காண்டாக்ட் கருகிவிடும். நடுவில் காண்டாக்டர் (மிதியின் சிறு மின்னோட்டத்தால் இயங்கி, மோட்டாரின் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ஸ்விட்ச்) வைத்து அதைச் சரிசெய்யலாம். ஆனால் மரத்தைத் தள்ளிக்கொண்டு நகர்ந்து நிற்கும் வேலையில் ஒரே இடத்தில் கால் ஊன்றியிருக்க முடியாது. காலை எடுத்தாலும் வட்ட பிளேடு உடனே நிற்காமல் சில விநாடிகள் சுற்றும். அங்கே மோட்டாரை நிறுத்துவதற்கு மட்டும் கால் பயன்பட்டால் போதும். சிவப்புப் பொத்தானுக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் கீல் வைத்த பலகை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். முட்டியால் இடித்தால் மோட்டார் அணைந்துவிடும். செலவு ஒரு கீல், நாலைந்து திருகு.