பழைய எம்எக்ஸ்-5க்கு முழு அலுமினிய ரேடியேட்டர்: போட்டு ஓட்டிப் பார்த்த பிறகு

முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 கார் (1989–1997) வைத்திருப்பவர்கள் பானட்டைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டரின் மேல் தொட்டியை. கறுப்பு பிளாஸ்டிக் பழுப்பேறிவிட்டால் எப்போது விரிசல் விடும் என்று சொல்லவே முடியாது. என்னுடையது அப்படி ஆனதும் 36 மிமீ தடிமனான கோர் (காற்று ஊடுருவிப் போகும் நடுப்பகுதி) உள்ள முழு அலுமினிய ரேடியேட்டர் வாங்கி நானே மாட்டினேன், டிராக்கிலும் ஓட்டியாயிற்று, பொருள் தரமானது.

வெல்டிங் சுத்தமாக இருக்கிறது, ஹோஸ்கள் இறுக்கமாக உட்கார்ந்தன. ஃபேன் துளை ஒன்று மட்டும் விலகியிருந்ததால் பிராக்கெட்டைக் கொஞ்சம் அராவ வேண்டி வந்தது.

பெரிய குறை வேறு: ஓரங்களுக்கான நுரைப் பட்டை பெட்டியில் இல்லவே இல்லை. காற்று எப்போதும் தடை குறைந்த வழியில்தான் போகும், ரேடியேட்டரைச் சுற்றி இடைவெளி விட்டால் முன்னால் நுழையும் காற்றில் ஒரு பங்கு கோருக்குள் போகாமலே நழுவிவிடும், அப்புறம் எவ்வளவு தடிமனான கோர் போட்டும் என்ன பயன்? பழைய பட்டையைக் கழற்றி வையுங்கள், அல்லது புதிதாக வெட்டி ஒட்டுங்கள். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டையும் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், இந்தக் காரில் காற்று ரேடியேட்டர் வழியாகப் போவதற்கு அது மிக முக்கியம்.

சாதாரண ஓட்டத்தில் வெப்பமானி முள் இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த வெப்பநிலையைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட், அதாவது ரேடியேட்டருக்குப் போகும் கூலன்டைக் கட்டுப்படுத்தும் வால்வு. வித்தியாசம் தெரிவது விடாமல் முழு வேகத்தில் ஓட்டும்போதுதான்: முன்பு ஏறிக்கொண்டே போன சூடு இப்போது ஓரிடத்தில் நிற்கிறது.

கூலன்ட் ஊற்றும்போது காரின் மூக்கை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் ஐடிலில் ஓட விட்டுக் குமிழி நிற்கும்வரை பொறுமையாக இருங்கள். கூடவே வந்த, 1.3 பார் அழுத்தத்துக்கான ரேடியேட்டர் மூடியை நான் போடவில்லை. அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும், சரி, ஆனால் அது ஒரு துளி வெப்பத்தையும் வெளியேற்றாது, பழைய ஹோஸ்களுக்குச் சுமைதான் கூடும்.

53 மிமீ கோரிலும் இதே ரேடியேட்டர் கிடைக்கிறது. டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது தேவையில்லை, கோர் தடிக்கத் தடிக்கக் காற்று ஊடுருவுவது கடினமாகும், ஃபேனுக்கான இடமும் குறையும். 36 மிமீ-யே வாங்குங்கள், மிச்சப் பணத்தில் ஹோஸ்களையும் தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.