கிடைக்குக் காவல்: மீட்ட நாயா, நாய்க்குட்டியா?

மன்னார்குடிப் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் (அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காக ராத்திரி ஆடுகளை வலைக்குள் அடைப்பவர்கள்) அடிக்கடி கேட்பது: கைவிடப்பட்ட வளர்ந்த நாயை எடுப்பதா, குட்டி வாங்குவதா?

செலவு: குட்டிக்கு விலை, தீனி. மீட்ட நாய்க்குப் பெரும்பாலும் கருத்தடை, குடற்புழு மருந்து. வெறிநாய்த் தடுப்பூசி இரண்டுக்கும் கட்டாயம்.

பழக்கம்: விஷயமே இதில்தான் இருக்கிறது. 3 முதல் 12 வார வயதில் யாரோடு இருக்கிறதோ அவர்களோடு குட்டி ஒட்டிக்கொள்ளும், அப்போது ஆட்டுக்குட்டிகளோடு படுத்து வளர்ந்தால் ஆடுதான் அதற்குச் சொந்தம். ஆனாலும் தனியாக நம்பி விட 2 வருடமாவது ஆகும். நாங்கள் மீட்ட கோம்பை இன நாட்டு நாயை 3 வாரம் வலைக்கு வெளியே கட்டி வைத்தோம். முதலில் ஆடு கத்தினாலே காது விறைக்கும். அப்புறம் ஒரு ராத்திரி கிடாயின் மூக்கை வலை வழியே நக்கிவிட்டுப் படுத்தது.

இளங்குட்டி ஆடுகள் இருந்தால், பொறுமையும் இருந்தால், நாய்க்குட்டியே சரி. இந்தச் சம்பா அறுவடைக்கே காவல் வேண்டுமா, ஏற்கெனவே ஆட்டோடு பழகிய மீட்ட நாயை எடுங்கள். ஆட்டைத் துரத்திக் கடித்த நாய் மட்டும் கிடைக்கு வேண்டாம், அதற்கு வேறு வீடு பார்ப்போம்.