சித்தப்பாவின் கண்ணும் மதுரைப் படங்களும்

டொராண்டோவிலிருந்து ஊருக்குப் போனால் பல்லைக் காட்டுவதும் கண்ணைக் காட்டுவதும் எங்கள் குடும்பத்தில் வழக்கம். இந்த முறை சித்தப்பாவின் முறை. இடது கண்ணில் மங்கல், மிதக்கும் புள்ளிகள். ஊர்ப்பக்கம் ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வைத்தே மாதக்கணக்கில் ஓட்டியிருந்தார்கள். ஒரு படம்கூட எடுக்கவில்லை. பிடிவாதமாக மதுரை அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கண்ணில் காசநோய் என்று அங்கேதான் தெரிந்தது.

வரிசை நீளம்தான், ஆனால் நகர்கிற வரிசை. 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம், கூட்டத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரிந்ததும் படம் எடுக்கும் அறை. "ஐயா, தாடையை இதில் வையுங்கள், நெற்றியை ஒட்டுங்கள், சிமிட்டாதீர்கள்" என்று சிஸ்டர் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். கை நரம்பில் ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்தை ஏற்றி, அது விழித்திரையின் இரத்தக்குழாய்களில் ஓடுவதை அடுத்தடுத்துப் படமாக்கினார்கள். சிறுநீர் மஞ்சளாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும், விடியற்காலையில் என்னை எழுப்பி "மஞ்சள் காமாலை வந்துவிட்டதடா" என்றார் சித்தப்பா.

ஓசிடி ஸ்கேனுக்கு ஊசி வேண்டாம். ஒளியைக் கொண்டே விழித்திரையைப் பரோட்டா அடுக்குபோல் பிரித்துக் காட்டிவிடுகிறது. என்னைக் கட்டிப்போட்டது இன்னொரு படம். விழித்திரை தானாக உமிழும் மெல்லிய ஒளியைச் சாயமில்லாமல் பிடிப்பது அது. நெளிநெளியாகப் பரவியிருந்த புண்ணின் ஓரம் மட்டும் கலங்கலாக ஒளிர்ந்தது. அந்த ஒளிர்வு இருக்கும்வரை அழற்சி அடங்கவில்லை என்று பொருள். ஆற ஆற ஓரம் கறுத்துத் தெளிவாகும்.

எந்தப் படத்திலும் காசநோய்க் கிருமி தெரியாது. மருத்துவர் அதை மறைக்காமல் சொன்னார். கண்ணுக்குள்ளிருந்து சதை எடுத்துச் சோதிப்பது எளிதல்ல. எனவே படத்தின் தோற்றம், காசநோய்த் தொற்றைக் காட்டும் மாண்டூ என்ற தோல் சோதனை, இக்ரா என்ற இரத்தச் சோதனை, மார்பு ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, வேறு நோய்கள் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் காசநோய் மருந்து தொடங்குகிறார்கள். நுரையீரலில் ஒன்றும் இல்லாததால் பிறருக்குத் தொற்றாது. சித்திக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள்.

மாத்திரைகள் அரசுத் திட்டத்தில் இலவசம். காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிந்தால் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500. பதியப் போன மையத்திலோ "சளி ரிசல்ட் எங்கே?" என்று திருப்பி அனுப்பினார்கள். கண்ணில் இருக்கும் நோய்க்குச் சளியில் என்ன தேடுவது? கண் மருத்துவரின் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் வேலை நடந்தது.

காசநோய்க்கான நான்கு மருந்துகளோடு ஸ்டீராய்டு மாத்திரையும் தொடங்கிய சில வாரங்களில் பார்வை இன்னும் மங்கியது. கிருமி சாகும்போது அழற்சி கூடுவது உண்டாம். புதிய படத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, காசநோய் மருந்தை நிறுத்தாமல் ஸ்டீராய்டை மட்டும் கூட்டினார்கள். அந்த முதல் படங்கள் இல்லாதிருந்தால் சித்தப்பா மாத்திரைகளைக் குப்பையில் போட்டிருப்பார். அந்த நான்கில் ஒன்றான எதாம்பூட்டால் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் நிறங்களைப் பிரித்தறிகிறாரா என்றும் அவ்வப்போது சோதிக்கிறார்கள்.

வெளிநாட்டு மருத்துவரிடம் காட்ட நினைப்பவர்கள் படங்களைச் சிடியில் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட தாளைக் கைப்பேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பார்க்க வேண்டிய அந்த ஓரம்தான் முதலில் காணாமல் போகும்.