ஊட்டியில் கல்லூரி டைப்பிங் கோர்ஸ்: சேரலாமா?

ஊட்டியில் நான் பி.காம். படிக்கும் கல்லூரியில் நான்காம் செமஸ்டரில் ஒரு கூடுதல் கோர்ஸ் எடுத்தாக வேண்டும். அதில் தட்டச்சும் ஆவண வடிவமைப்பும் என்று ஒன்று இருக்கிறது, கட்டணம் 800 ரூபாய். போன மாதம்தான் முடித்தேன். ஜூனியர்கள் நிறையப் பேர் சேரலாமா வேண்டாமா என்று கேட்கிறார்கள், தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். சேருங்கள். ஆனால் டைப்பிங் வேகம் வந்ததும் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடுகிற எண்ணம் இருந்தால் சேர வேண்டாம், ஏனென்றால் இந்தக் கோர்ஸின் உயிர் இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது, எங்கள் பேட்சில் பாதிப் பேர் அதைத்தான் தவறவிட்டார்கள்.

வாரத்தில் நாலு நாள், காலை எட்டு மணிக்கு வகுப்பு. கோத்தகிரியிலிருந்து வருகிற எனக்கு ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் கட்டுப்படியாகும். டிசம்பர், ஜனவரியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும், லேப்புக்குள் நுழைந்தால் வெளியே இருப்பதைவிடக் குளிர். விரல் விறைத்துப்போனால் சுண்டு விரல் முதலில் சொன்ன பேச்சைக் கேட்காது. மேடம் முதல் ஐந்து நிமிஷம் யாரையும் விசைப்பலகையைத் தொட விடமாட்டார், உள்ளங்கையைத் தேய்த்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டச் சொல்வார். முதல் நாள் இது என்ன ஸ்கூல் டிரில் மாதிரி என்று நினைத்தேன், இரண்டாவது வாரத்தில் பஸ்ஸிலேயே அதைச் செய்துகொண்டு வர ஆரம்பித்துவிட்டேன்.

இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் போனவர்களுக்குத் தெரிந்த அதே பாடம்தான் இங்கேயும்: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. ஒரு வாரம் முழுக்க இது மட்டும். எஃப் மேலும் ஜே மேலும் சின்னதாக ஒரு மேடு இருக்கிறதே, அது எதற்கு என்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை, ஆள்காட்டி விரல்கள் பார்க்காமலே வீடு திரும்புவதற்குத்தான் அது. மேடம் கை மேலே ஒரு துண்டைப் போட்டுவிடுவார். குனிந்தால் தோளில் ஒரு தட்டு, "கண்ணு, ஸ்கிரீனைப் பாரு, விரலுக்கு வழி தெரியும்." இன்னொரு கண்டிப்பு, முதல் மூன்று வாரம் பேக்ஸ்பேஸ் கிடையாது, தப்பு விழுந்தால் விழுந்ததுதான், மேலே அடித்துக்கொண்டே போக வேண்டும். ரொம்ப எரிச்சலாக இருந்தது. ஆனால் அழிக்க முடியாது என்று தெரிந்தபின் கை தானாக நிதானப்பட்டது, நிதானம் வந்தபின்தான் வேகம் வந்தது. வேகத்தை ஐந்து தட்டலுக்கு ஒரு சொல் என்று கணக்குப் போடுவார்கள், அதாவது நிமிஷத்துக்கு 30 சொல் என்றால் 150 தட்டல், நொடிக்கு இரண்டரை. நான் இரண்டு விரலால் 12 சொல்லில் தொடங்கி, ஏப்ரலில் 36 வரை வந்தேன். தினமும் வீட்டில் இருபது நிமிஷம் பழகியதும் சேர்த்துத்தான், வகுப்பு மட்டும் போதாது.

தமிழ்தான் எனக்கு வருத்தம். மொத்த செமஸ்டரில் தமிழ்த் தட்டச்சுக்கு ஆறே வகுப்பு. அதையும் கடைசியில், மாடல் எக்ஸாம் நேரத்தில் வைத்தார்கள். சொல்லிக்கொடுத்தது தமிழ்99, 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அந்த மேடு வைத்த எஃப்பில் புள்ளி, ஜேயில் ப. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் அம்மா வந்துவிடும், ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழுகிறது. ங அடித்து க அடித்தாலும் அப்படியே, தங்கம் என்பதற்கு த, ங, க, ம, கடைசியில் மட்டும் ஒரு புள்ளி. நம் மொழியில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வரும் என்று தெரிந்து ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது விரலிலேயே தெரிகிறது, முதல் தடவை தங்கம் விழுந்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றிப் பழகியவர்களுக்கு முதல் வாரம் கஷ்டம்தான், விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இருபது வகுப்பாவது தமிழுக்குக் கொடுக்க வேண்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீங்கள் சேர்ந்தால் நீங்களும் எழுதுங்கள்.

சரி, இரண்டாம் பாதி, அதாவது ஆவண வடிவமைப்பு. முதல் வகுப்பில் மேடம் பழைய மாணவர் ஒருவரின் புராஜெக்ட் ஃபைலைத் திறந்தார். அறுபது பக்கம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேர்டில் மறைந்திருக்கும் குறிகளைக் காட்டுகிற பொத்தானை அழுத்தினார், பக்கம் முழுக்கப் புள்ளி மயம். தலைப்பு நடுவில் வருவதற்காக முப்பது ஸ்பேஸ், அடுத்த அத்தியாயம் புதுப் பக்கத்தில் தொடங்குவதற்காகப் பதினைந்து என்டர், உள்ளடக்கப் பட்டியலில் பக்க எண் எல்லாம் கையால் அடித்தது. அப்புறம் மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தார். அவ்வளவுதான், அத்தியாயத் தலைப்பெல்லாம் பக்கத்தின் நடுவே சரிந்து வந்து நின்றன, உள்ளடக்கத்தில் 41 என்று இருந்தது 42இல் கிடந்தது. எங்கள் வகுப்பில் யாரும் பேசவில்லை, எல்லோருடைய ஃபைலும் அப்படித்தான் இருந்தது.

அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். புதுப் பக்கத்துக்கு கன்ட்ரோல் என்டர். பத்திக்கும் பத்திக்கும் இடைவெளி வேண்டுமென்றால் காலி என்டர் போடாமல் பத்தி அமைப்பில் வைப்பது. ரூபாய் என்ற சொல் ஒரு வரியிலும் தொகை அடுத்த வரியிலும் பிரிந்து போகாமல் இருக்க கன்ட்ரோல் ஷிஃப்ட் ஸ்பேஸ். தமிழ் ஆவணத்தில் எழுத்துரு மாற்றும்போது வருகிற பெரிய குழப்பம் ஒன்று, ஃபான்ட் பெட்டியில் ஆங்கிலத்துக்கு ஓர் இடமும், தமிழ் போன்ற மொழிகளுக்கு காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று தனி இடமும் இருக்கிறது, மேலே மட்டும் மாற்றிவிட்டு தமிழ் ஏன் மாறவில்லை என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவள் நான். எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டைல்: இது அத்தியாயத் தலைப்பு, இது துணைத் தலைப்பு என்று ஃபைலுக்கே சொல்லிவிடுவது. சொல்லிவிட்டால் உள்ளடக்கப் பட்டியலை வேர்டே போட்டுக்கொள்கிறது.

கடைசித் தேர்வு மாதிரி ஒரு நல்ல தேர்வை நான் எழுதியதில்லை. எந்த வடிவமும் இல்லாத இருபது பக்க எழுத்து, நாற்பது நிமிஷம். முன்பக்கங்களுக்கு ரோமன் எண், அத்தியாயம் தொடங்கும் இடத்தில் மறுபடி 1, பைண்டிங்குக்காக இடது ஓரம் ஒன்றரை இஞ்ச், தாள் ஏ4. முடித்துக் கை தூக்கியதும் மேடம் வந்து நம் ஃபைலின் நடுவில் இரண்டு பக்கத்தை ஒட்டுவார், ஒரு தலைப்பை மாற்றுவார், உள்ளடக்கப் பட்டியலைப் புதுப்பிக்க எஃப்9 அழுத்துவார். உள்ளடக்கம் சரியாக மாறி, எதுவும் சரியாமல் நின்றால்தான் மார்க். என் ஃபைல் நின்றது. ஒரே ஓர் அட்டவணை மட்டும் இரண்டு பக்கமாக உடைந்தது, அதற்கு இரண்டு மார்க் போனது.

இது பரீட்சைக்கு மட்டும் ஆகிற விஷயம் இல்லை என்பது மார்ச்சில் தெரிந்தது. சித்தப்பாவும் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளும் பச்சைத் தேயிலை விலை பற்றி ஒரு மனு தயார் செய்து, ஒரு டிடிபி கடையில் அடித்து, மெயிலில் அனுப்பியிருந்தார்கள். அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். மனுவின் இரண்டு பக்கமும் அப்படியேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்று பதில் வந்ததும் சித்தப்பா அச்செடுத்த தாளை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் முழுவதும் அடித்தேன், மாதவாரி விலையை அட்டவணையாக்கி, எண்களை வலது ஓரமாக நிறுத்தினேன். அவர் போனிலேயே திறந்து, விரலால் பெரிசாக்கி, ஒவ்வொரு மாத விலையாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். ஓர் எண் தப்பாக இருந்தது, அங்கேயே திருத்தினோம்.

குறை என்று சொன்னால், லேப்பில் நாலைந்து விசைப்பலகை உடனே மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது, ஸ்பேஸ் பார் அமுங்கினால் எழும்புவதில்லை. இன்னொன்றைத் தெரிந்துகொண்டு சேருங்கள்: இது கல்லூரிச் சான்றிதழ்தான். குரூப் 4இல் தட்டச்சர் வேலைக்குப் போக நினைப்பவர்கள் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் லோயர், ஹையர் தேர்வுகளைத் தனியாக எழுத வேண்டும், தமிழ் ஆங்கிலம் இரண்டிலும் பாஸ் வேண்டும், ஒன்றிலாவது ஹையர் இருக்க வேண்டும், அதோடு கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழும் கேட்பார்கள். இங்கே பழகிய விரல் அதற்கு உதவும், அவ்வளவுதான்.

அடுத்த பேட்ச் டிசம்பரில். முதல் நாளே போய் கிழக்கு ஜன்னல் வரிசையில் இடம் பிடியுங்கள், எட்டரை மணிக்கு வெயில் நேராகக் கை மேலேயே விழும்.