லண்டனிலிருந்து ஒரே நாளில்: பாரிஸா, லீலா, கெந்த்தா?

ஊரிலிருந்து லண்டனுக்கு யார் வந்தாலும் மூன்றாம் நாளே கேட்டுவிடுவார்கள்: "ரயில்லயே பாரிஸ் போயிட்டு அன்னைக்கே திரும்பிடலாமாமே?" திரும்பலாம்தான். செயின்ட் பாங்க்ரஸில் யூரோஸ்டார் ஏறினால் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் பாரிஸ். வழியில் 50 கிலோமீட்டர் சுரங்கம், அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு நாள் என்றால் போக வேண்டிய ஊர் பாரிஸ்தானா? அம்மாவோடும் நண்பர்களோடும் தனியாகவும் மூன்று ஊர்களுக்கும் காலையில் போய் இரவு திரும்பியிருக்கிறேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் வட பிரான்ஸிலுள்ள லீல் என்றுதான் சொல்கிறேன்.

காரணம் நேரக் கணக்கு. ஐரோப்பா ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலையில் இழக்கும் அந்த மணி நேரம் இரவு திரும்பும்போதுதான் கிடைக்கும். வண்டி புறப்பட 30 நிமிடம் இருக்கும்போதே கதவை அடைத்துவிடுவார்கள். பிரெஞ்சு அதிகாரிகள் லண்டன் நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்து முடிப்பதால் அந்தப் பக்கம் இறங்கியதும் நேராக ஊருக்குள் நடக்கலாம். திரும்பும்போது பாஸ்போர்ட் வரிசை அங்கேயே, புறப்படும் முன். அதனால் போக, வர இரண்டுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நிலையத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். காலை ஏழு மணி வண்டி என்றால் பாரிஸில் இறங்கும்போது அங்கே பத்தே கால், பத்தரை. கடைசி வண்டி இரவு ஒன்பது வாக்கில். ஒன்பது மணி நேரம் கையில் இருப்பதுபோலத் தெரியும். அதை எதில் செலவழிக்கப் போகிறோம் என்பதில்தான் மூன்று ஊர்களும் வேறுபடுகின்றன.

பாரிஸில் அது மெட்ரோவிலும் வரிசையிலும் போகிறது. கார் து நோர் நிலையம் ஊரின் வடக்கில் இருக்கிறது. ஈஃபில் கோபுரம் தென்மேற்கில். போக வர, பாதுகாப்புச் சோதனை, மேலே ஏற இன்னொரு வரிசை என்று அரை நாள் கரைந்துவிடும். அதோடு லூவர் அருங்காட்சியகத்தையும் சேர்த்தால் இரண்டையுமே பார்க்கவில்லை என்ற மனக்குறையோடுதான் வண்டி ஏறுவீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் திரும்பினேன். மோனா லிசாவுக்கு முன்னால் நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது.

பாரிஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை இது. கோபுரத்தை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். நிலையத்திலிருந்து 4-ஆம் எண் மெட்ரோ, மாறாமல் சித்தே தீவில் இறக்கிவிடும். 2019 ஏப்ரலில் தீப்பிடித்த நோத்ர தாம் பேராலயம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது; கழுவித் துடைத்த கல்லின் வெளிச்சத்தைப் பார்க்கவே போகலாம், நுழைவு இலவசம். இரண்டு தெரு தள்ளி செயின்ட் ஷாப்பெல். 1248-இல் கட்டி முடித்த சிற்றாலயம், 15 மீட்டர் உயரத்துக்கு வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், மொத்தம் 1,113 காட்சிகள். வெயில் அடிக்கும் நேரத்தில் மேல்மாடியில் நின்றால் பேச்சு வராது. அப்புறம் சேன் நதிக்கரையில் பழைய புத்தகக் கடைகளை ஒட்டி ஒரு நடை. மாலையில் நிலையத்துக்குத் திரும்பினால் பின்புறம் நடக்கும் தூரத்தில் லா ஷப்பேல். ஈழத்துத் தமிழர்கள் கடை கடையாக எழுப்பிய வட்டாரம்: தோசை, கொத்து ரொட்டி, நகைக்கடை, புடவைக்கடை, பக்கத்தில் மாணிக்க விநாயகர் ஆலயம். கோடை முடிவில் அந்தப் பிள்ளையாரின் தேர் வரும்போது பாரிஸ் தெருவில் தேங்காய் மலைமலையாகக் குவித்து உடைப்பார்கள். அங்கே வயிறாரச் சாப்பிட்டு வண்டி ஏறுவது எனக்குப் பிடித்த முடிவு.

லீலுக்கு வருவோம். ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுரங்கத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் ஊர் வந்துவிடும். பெரும்பாலானவர்கள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள், அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். லீல் யூரோப் நிலையத்திலிருந்து ஊர் நடுவிலுள்ள பெரிய சதுக்கத்துக்கு நடந்தே கால் மணி நேரம். முட்டிவலி உள்ள என் அம்மா நின்று நின்று நடந்தும் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். டாக்சி இல்லை, மெட்ரோ இல்லை. பத்து மணிக்கு முன்பே காபிக்கடையில் உட்கார்ந்திருந்தோம்.

சதுக்கத்தின் ஓரத்தில் பழைய வணிகர் மன்றம் இருக்கிறது. 1650-களில், ஊர் இன்னும் ஸ்பெயின் அரசரின் கையில் இருந்தபோது கட்டியது. நடுமுற்றத்தைச் சுற்றி ஒரே மாதிரி 24 வீடுகள். (பதினான்காம் லூயி படையெடுத்துப் பிடித்த 1667-இலிருந்துதான் இது பிரெஞ்சு ஊர், அதனால்தான் செங்கலும் சிற்பமும் பெல்ஜியத்தை நினைவூட்டும்.) மதியத்துக்கு மேல் அந்த முற்றத்தில் பழைய புத்தகம் விற்பவர்கள் கடை விரிப்பார்கள். பக்கத்திலேயே செஸ் பலகைகள். அம்மாவுக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் ஒரு பெரியவரின் ஆட்டத்தைப் பின்னால் நின்று அரை மணி நேரம் பார்த்தார். அவர் திரும்பிப் பார்த்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். பாரிஸில் இதற்கு நேரமே இருந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நோத்ர தாம் த லா ட்ரெய் பேராலயம் 1854-இல் தொடங்கி, பணம் இல்லாமல் நின்று நின்று, 1999-இல்தான் முகப்பு முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பலகை, ஈர்க்கவே ஈர்க்காது. உள்ளே போய்த் திரும்பிப் பாருங்கள். அது மெல்லிய பளிங்கு. வெளிச்சம் ஊடுருவி முழுச் சுவரும் ஆரஞ்சாக ஒளிர்கிறது. நுண்கலை அருங்காட்சியகம் நல்லது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. லூவருக்கும் செவ்வாய்தான் விடுமுறை என்பதால் இரண்டு ஊருக்குமே அந்தக் கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். லீலின் ஒரே சிக்கல், எல்லா வண்டியும் அங்கே நிற்காது. திரும்பும் வண்டியை முதலில் தேர்ந்தெடுத்து, அதற்கேற்பப் போகும் வண்டியைப் பாருங்கள்.

ஓவியத்தில் பைத்தியம் உள்ளவர்களுக்கு மூன்றாவது வழி, பெல்ஜியத்தின் கெந்த். பிரஸ்ஸல்ஸ் வரை இரண்டு மணி நேரம், அங்கே உள்ளூர் ரயில் மாறி அரை மணி நேரம், பிறகு டிராம். லண்டனுக்குக் கடைசி வண்டி பிரஸ்ஸல்ஸிலிருந்து எட்டு மணி வாக்கில் என்பதால் கெந்தில் கிடைப்பது ஆறு மணி நேரம் போல. அவ்வளவு அலைச்சலும் ஒரே ஒரு படத்துக்காக என்றாலும் தகும். வான் எய்க் சகோதரர்கள் வரைந்து 1432-இல் நிறுவிய பலிபீட ஓவியம், புனித பாவோ பேராலயத்தில் இருக்கிறது. நாஜிகள் கொண்டுபோய் ஆஸ்திரிய உப்புச் சுரங்கத்தில் வைத்திருந்ததை 1945-இல் மீட்டார்கள். அதற்கு முன்பே, 1934-இல், அந்த ஓவியத்தின் பலகைகளில் ஒன்றை யாரோ திருடினார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை, அந்த இடத்தில் இருப்பது நகல். நடுவில் இருக்கும் புல்வெளியில் ஒவ்வொரு செடியும் தனித்தனியாகத் தெரியும். நான் அதன் முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். சைவம் சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஊர் இதமானது. 2009 முதல் வியாழக்கிழமைகளைச் சைவ நாளாகக் கடைப்பிடிக்க நகராட்சியே ஊக்குவிக்கிறது.

ஆனால் வயதானவர்களையோ சின்னக் குழந்தைகளையோ கெந்துக்கு ஒரே நாளில் அழைத்துப் போக மாட்டேன். ஒரு இணைப்பு ரயில் தாமதமானால் லண்டன் வண்டியே கைநழுவும். அவர்களோடு போனால் பிரஸ்ஸல்ஸிலேயே நின்று பெரிய சதுக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு வழிக்கே நான்கு மணி நேரம்; ஒரு இரவாவது தங்க முடிந்தால் போங்கள்.

விசா விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்டிஷ் விசா இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்குத் தனியாக ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ், பெல்ஜியம் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதைப் பெரும்பாலும் ஊரிலேயே எடுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். 2025 அக்டோபரில் தொடங்கிய ஐரோப்பாவின் புதிய எல்லைப் பதிவு முறைப்படி பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களும் முதல் தடவை கைரேகையும் படமும் தர வேண்டும். டிக்கெட்டை இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்தால்தான் விலை கட்டுப்படி ஆகும். கட்டுச்சோறு கட்டும்போது தயிர்சாதத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்: பிரிட்டனிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. புளியோதரை, எலுமிச்சை சாதம் போதும்.

அடுத்த மாதம் என் சித்தி, சித்தப்பாவோடு வருகிறார். பாரிஸ் என்றுதான் ஆரம்பித்தார். சித்தப்பா ஊரில் செஸ் சொல்லிக்கொடுப்பவர் என்பது ஞாபகம் வந்ததும் அந்த முற்றத்தின் படத்தை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவரே போன் செய்தார். லீலுக்கு மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று, புதன்கிழமைக்கு.