செஷன் டேட்டாவ நடுவுல மாத்தணும்னா குக்கியா, ஃபைலா, டேபிளா, ரெடிஸா?

ஒருத்தரோட எடிட்டர் பர்மிஷன மதியம் எடுத்துட்டோம், யூசர் டேபிள்ல ரோல் கரெக்டா மாறிடுச்சு, ஆனா அவரு பாட்டுக்கு சாயங்காலம் வரைக்கும் போஸ்ட்ட டெலிட் பண்ணிட்டே இருந்தாரு. என்னன்னு பாத்தா, லாகின் ஆகும்போது ரோல செஷன்ல (லாகின் ஆன யூசர அடுத்தடுத்த ரிக்வெஸ்ட்லயும் ஞாபகம் வெச்சுக்கிற டேட்டா) காப்பி எடுத்து வெச்சதோட சரி, அதுக்கப்புறம் கோடு டேபிள் பக்கம் எட்டிக்கூட பாக்கல. செஷன எங்க வைக்கலாம்னு பேச்சு வந்தா எல்லாரும் ஸ்பீட பத்திதான் சண்ட போடுறோம், வெச்சத வெளியில இருந்து மாத்த முடியுமாங்கிற கேள்வி இந்த மாதிரி அடி வாங்குனப்புறம்தான் வருது.

மாத்துறதுலயே ரெண்டு ரகம் இருக்கு. யூசர் அனுப்புற ரிக்வெஸ்ட்லயே அவரோட சொந்த செஷன மாத்துறது ஒண்ணு, கார்ட்ல ஒரு ஐட்டம் சேக்குற மாதிரி, இது எல்லா முறையிலயும் நடக்கும். அந்த யூசர் எங்கயோ இருக்க, அட்மின் ஸ்கிரீன்ல இருந்து அவர் செஷன்ல கை வைக்கிறது இன்னொண்ணு. இதுலதான் வண்டவாளம் வெளிய வரும்.

முதல்ல குக்கி, பிரவுசர்ல சேவ் ஆகி ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டோடயும் சர்வருக்கு வர்ற சின்ன டேட்டா. ஃபிளாஸ்க் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) டிஃபால்ட்டா செஷன் மொத்தத்தையும் கையெழுத்து போட்ட குக்கியா பிரவுசருக்கே அனுப்பிடும், சர்வர்ல காப்பியே கிடையாது. கையெழுத்துதான், பூட்டு இல்ல, பேஸ்64 (டேட்டாவ எழுத்தா மாத்தி எழுதுற முறை) டீகோட் பண்ணா உள்ள இருக்கிறது யாரு வேணா படிக்கலாம், மாத்தத்தான் முடியாது (ரூபி ஃபிரேம்வொர்க்கான ரெய்ல்ஸ் 4-ல இருந்து என்கிரிப்ட்டும் பண்ணுது). சைஸும் கிட்டத்தட்ட 4096 பைட்டோட முடிஞ்சிடும். வெளியில இருந்து மாத்தணும்னா? வழியே இல்ல, கையெழுத்து போடுற சீக்ரெட் கீய மாத்தினா எல்லா யூசரும் லாகவுட் ஆகிடுவாங்க, ஒருத்தருக்காக அத பண்றது மூட்டப்பூச்சிக்கு பயந்து வீட்ட கொளுத்துற கதை. இன்னொரு வில்லங்கமும் இருக்கு: யூசர் பழைய குக்கிய எடுத்து வெச்சிட்டு அப்புறமா திரும்ப போட்டா கையெழுத்து சரியாத்தான் இருக்கும், அது காலாவதி ஆகுற வரைக்கும் சர்வரும் நம்பும், அதனால கூப்பன் எத்தன தடவ யூஸ் ஆச்சுங்கிற கணக்கெல்லாம் அதுல வெச்சிடாதீங்க.

ஜேடபிள்யூடியும் (லாகின் தகவல கையெழுத்தோட யூசர் கையிலயே குடுத்துடுற டோக்கன்) இந்த ஜாதகம்தான். 2015-ல ஆர்எஃப்சி 7519-ங்கிற இன்டர்நெட் தர ஆவணமா வந்துச்சு, குடுத்தத திருத்த முடியாது, ஆயுச சின்னதா வெச்சு ரெஃப்ரெஷ் டோக்கன் (புது டோக்கன் வாங்கிக்க உதவுற இன்னொண்ணு) வெச்சு ஓட்டணும். இல்ல செல்லாத டோக்கன் லிஸ்ட் ஒண்ணு வெச்சு ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் தேடணும். அப்படி தேடுறதா இருந்தா டோக்கன் எதுக்குன்னு நான் கேட்டா டீம்ல முறைக்கிறாங்க.

பிஹெச்பியோட டிஃபால்ட் ஃபைல். சர்வர்ல செஷன் ஐடி பேர்ல ஒரு ஃபைல், திறந்து பாத்தா ரோல், ஒரு நெட்டுக்கோடு, எஸ், 6, அப்புறம் மேற்கோளுக்குள்ள எடிட்டர்னு வரிசையா இருக்கும். அந்த 6-ங்கிறது இங்கிலீஷ்ல அந்த வார்த்தையோட நீளம். ஒருத்தர் அவசரத்துல எடிட்டர அட்மின்னு மாத்திட்டு சேவ் பண்ணாரு, அதுக்கு 5 எழுத்துதான், நம்பர தொடல. அடுத்த ரிக்வெஸ்ட்லயே டீகோட் பண்ண முடியலன்னு பிஹெச்பி செஷனயே தூக்கி போட்டுடுச்சு, புது அட்மின் லாகின் பேஜ்ல நிக்குறாரு. ஆனா இதுல ஒரு நல்லது, ஃபைலுக்கு லாக் உண்டு, ஒரே செஷன்ல ரெண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்துல எழுதி குழப்ப முடியாது. அதே லாக்தான் தலவலியும், ஒரு டேப்ல பெரிய ரிப்போர்ட் ஓடுனா அந்த யூசரோட மத்த டேப் எல்லாம் முடியற வரைக்கும் காத்துக்கிடக்கும், எழுதி முடிச்ச உடனே செஷன க்ளோஸ் பண்ணாதான் விடியும். சர்வர் ரெண்டானா ஃபைல் முறையே அவ்வளவுதான், ஷேர்டு டிஸ்க்கோ, ஒரு யூசர எப்பவும் ஒரே சர்வருக்கு அனுப்புற ஏற்பாடோ இல்லாம ஓடாது.

அடுத்து டேட்டாபேஸ் டேபிள், எனக்கு பிடிச்சது இது, ஆனா ஓட்ட இல்லாம இல்ல. ஜாங்கோவோட (இதுவும் பைத்தான் ஃபிரேம்வொர்க்) செஷன் டேபிள்ல மூணே நெடுவரிசை, கீ, டேட்டா, காலாவதி தேதி. யூசர் ஐடிக்கு நெடுவரிசை கிடையாது! இந்த யூசரோட செஷன் எதுன்னு கேட்டா ஒவ்வொரு வரியா டீகோட் பண்ணிதான் தேடணும், அதனால லாகின் ஆகும்போதே யூசருக்கும் செஷன் கீக்கும் ஒரு தொடர்பு டேபிள் போட்டு வெச்சிடுங்க. கீ தெரிஞ்சா செஷன லோட் பண்ணி, மாத்தி, சேவ் பண்றது மூணு வரி. இன்னொரு பிரபலமான பள்ளம்: செஷனுக்குள்ள இருக்கிற லிஸ்ட்ல ஒரு ஐட்டம் சேத்தா ஜாங்கோவுக்கு மாறுனதே தெரியாது, மாடிஃபைடு ஃபிளாக நீங்களே ட்ரூ ஆக்கணும், இல்லன்னா சேவ் ஆகாது, ஃபிளாஸ்க்லயும் இதே கததான்.

இதவிட மோசமானது ஒண்ணு, இங்க லாக் கிடையாது. நீங்க அட்மின் பக்கம் ரோல மாத்துற அதே நொடியில அந்த யூசரோட ரிக்வெஸ்ட் ஒண்ணு பழைய டேட்டாவ படிச்சு கையில வெச்சிருந்தா, அது முடியும்போது கார்ட்டோட சேத்து பழைய ரோலையும் மேல எழுதிட்டு போயிடும். உங்க மாற்றம் போயே போச்சு, எர்ரர் பதிவுலயும் ஒண்ணும் இருக்காது. அதனாலதான் நான் வெளியில இருந்து திருத்துறத விட அழிக்கிறதுதான் மேல்னு சொல்லுவேன், வரிய டெலிட் பண்ணிட்டா ஜாங்கோ அந்த நடுவுல இருக்கிற ரிக்வெஸ்ட்ட எர்ரரோட நிறுத்திடும், செத்த செஷன மறுபடி உயிரோட எழுப்பாது.

ரெடிஸ் (டேட்டாவ மெமரில வைக்கிற சர்வர்) வேகம், அதுல சந்தேகமில்ல. ஆனா செஷன ஒரே ஸ்ட்ரிங்கா வெச்சிருந்தா, அத படிச்சு மாத்தி வெறும் செட் கமாண்டால திரும்ப எழுதினீங்கன்னா அதோட காலாவதி நேரம் கழண்டு போயிடும், அரை மணி நேரத்துல சாக வேண்டிய செஷனுக்கு சாகாவரம். 2020-ல வந்த 6.0-ல இருந்து கீப்டிடிஎல்-ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத போடணும். ஹாஷா (ஒரே கீக்குள்ள தனித்தனி ஃபீல்டா) வெச்சா இன்னும் நல்லது, ரோல்ங்கிற ஒரு ஃபீல்ட மட்டும் மாத்தலாம், காலாவதியும் அப்படியே இருக்கும், மத்த ரிக்வெஸ்ட்டும் தான் மாத்துன ஃபீல்ட மட்டும் எழுதுற மாதிரி கோடு இருந்தா மேல எழுதுற பிரச்சனையும் வராது, ஆனா ரெடிமேட் லைப்ரரில பல ஒரே ஸ்ட்ரிங்காதான் வைக்குது. மெம்கேஷ்டு (இதுவும் மெமரில வைக்கிறதுதான்) பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, மெமரி நிரம்புனா அதுவே தூக்கி வீசிடும், லாகின் செஷனுக்கு வேண்டாம்.

நாங்க கடைசியில என்ன பண்ணோம்னா, டேபிள்லயே இருந்துட்டோம், ரோல செஷன விட்டே எடுத்துட்டோம். செஷன்ல யூசர் ஐடியும் ஒரு வெர்ஷன் நம்பரும் மட்டும், யூசர் டேபிள்லயும் அதே நம்பர். ஒருத்தர வெளியேத்தணும்னா டேபிள்ல நம்பர ஒண்ணு கூட்டிடுவோம், அடுத்த ரிக்வெஸ்ட்ல ரெண்டும் ஒத்துப்போகாது, லாகின் பேஜ். ஒவ்வொரு தடவையும் பிரைமரி கீ வெச்சு ஒரு வரி படிக்கிறதுதான் செலவு, அது ஒரு செலவே இல்ல. குக்கி முறையில இருக்கிறவங்களும் இத அப்படியே பண்ணலாம். பாஸ்வேர்ட் மாத்துனா மத்த டிவைஸ்ல எல்லாம் லாகவுட் ஆகுதே, ஜாங்கோ அத பண்றதும் இப்படித்தான், பாஸ்வேர்ட் ஹாஷ்ல (பாஸ்வேர்ட உருமாத்தி சேவ் பண்ணி வெச்சது) இருந்து எடுத்த ஒரு அடையாளத்த செஷன்ல வெச்சு ஒப்பிட்டு பாக்கும். ரோல் எடுக்கிறப்போ மட்டுமில்ல, குடுக்கிறப்பவும் நம்பர கூட்டிடுறோம், திரும்ப லாகின் ஆகும்போது புது செஷன் ஐடி கிடைச்சிடும், பழைய ஐடி யாராவது கையில மாட்டியிருந்தாலும் அத வெச்சு அட்மினா உள்ள வர முடியாது.